சுக்கானுக்கு ஒரு கேட் கீல்

புதுச்சேரி
19.1.2026

மாமாவுக்கு,

அருணா எழுதுவது. பெட்டிக்குள் கடிதத்தைப் பார்த்ததும், போன் இருக்கும்போது இது எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீங்கள்தான் முடிக்கிறீர்கள், அதுவும் நான் நினைக்காத மாதிரி. பொங்கலுக்கு வந்தவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து பஸ் ஏறியது இந்நேரம் அடி அண்ணாமலை முழுக்கத் தெரிந்திருக்கும். கொஞ்ச நாளைக்கு எழுதிக்கொள்வோம். எழுதினால் குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். நான் விளையாட்டு டீச்சராக இருக்கிற இந்தப் பள்ளிக்கு ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன பாய்மரப் படகு பற்றிச் சொல்லியிருக்கிறேன். கேட்டமரான் என்கிறார்கள். நம் கட்டுமரத்திலிருந்து போன பெயராம், ஆனால் இதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. ஒல்லியாக இரண்டு உடம்பு, நடுவில் உட்கார ஒரு வலை. என்னைவிட நாலைந்து வயதுதான் சின்னது. இரண்டு உடம்பின் பின்னாலும் ஒவ்வொரு சுக்கான் தொங்குகிறது. அதைப் பிடித்திருக்கும் கீல்கள் தேய்ந்துவிட்டன. வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை மாதிரி ஆகிவிட்டது. நான் திருப்பினால் படகு கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது. இரண்டு சுக்கானையும் இணைக்கிற குறுக்குக் குழாயும் வளைந்திருக்கிறது.

பிப்ரவரி கடைசியில் நிர்வாகம் ஆள் வைத்துப் படகைச் சோதிக்கப் போகிறது. தேறினால் பிள்ளைகளுக்குப் பாய்மர வகுப்பு ஆரம்பிப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு நான்தான் பொறுப்பு. தேறாவிட்டால் படகை விற்றுவிடுவார்கள், நானும் நீங்கள் கேட்டபடி மே மாதம் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன். மறைக்காமல் சொல்கிறேன், அது தேற வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை.

பிரகாஷ் சென்னையில் யாரிடமோ கொடுக்கலாம் என்கிறார். பிரகாஷ்தான் என்னோடு படகில் வருகிறவர், இங்கே கணக்கு சார். "உங்க வீட்டுக்காரர் கேட்டு கீல்தான மேடம் போடுவாரு, அவர்கிட்ட எதுக்கு"ன்னார். அதைக் கேட்டபிறகு வேறு ஆளிடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. பழைய கீல் ஒன்றை, அதில் செருகுகிற பின்னோடு, சாம்பிளுக்கு வைத்திருக்கிறேன். அளவுகளைப் பிரகாஷ் எடுத்தார்.

அருணா

அடி அண்ணாமலை
23.1.2026

அருணாவுக்கு,

பெட்டி வந்தது. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிரகாஷ் மூன்று இடத்தில் வருகிறார். நான் மேலே ஒரு இடத்தில் மாமாவாக வருகிறேன், அப்புறம் வீட்டுக்காரராக அவர் வாயில் வருகிறேன். கணக்கு சாருக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்கக்கூடாது, தெரியும். எழுதினால் குறுக்கே பேச முடியாது என்றாய். கேட்டுவிட்டேன் பார்.

அவர் எடுத்த அளவில் தப்பு கண்டுபிடிக்கத்தான் முதலில் உட்கார்ந்தேன். சாம்பிளை வைத்து நாலு பக்கமும் அளந்தேன். தப்பே இல்லை. அன்றைக்கு முழுக்க யாரிடமும் நான் சரியாகப் பேசவில்லை என்று நம் வெல்டர் கோபி சொல்கிறான்.

நீயே யோசித்துப் பார். நான் இதை நன்றாகச் செய்தால் நீ இரண்டு வருஷம் அங்கே. சொதப்பினால் மே மாதம் வீட்டில். எந்தப் புருஷனிடமாவது இப்படி ஒரு வேலையைக் கொடுப்பார்களா? ஆனாலும் சென்னைக்காரன் கை அதில் பட விடமாட்டேன்.

கடல் தண்ணீருக்குத் தாங்குகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சொல்லியிருக்கிறேன், வந்துகொண்டிருக்கிறது. நம் கேட்டுக்குப் போடுகிறதெல்லாம் உப்புக்காற்றில் ஆறு மாதம் நிற்காது. கீல் ஓட்டைக்குள் குழல் மாதிரி ஒரு நைலான் புஷ் வைக்கிறேன். இனி தேய்ந்தால் புஷ்தான் தேயும், மாற்றிக்கொள்ளலாம். குறுக்குக் குழாயைப் புதிதாகவே போட்டு, முனையில் மரை வைக்கிறேன். திருகி நீளத்தைக் கூட்டிக் குறைத்தால் இரண்டு சுக்கானும் ஒன்றுபோல் நேராக நிற்கும். பழையதில் அந்த வசதி இல்லை. சினேகா டிராயிங் போட்டிருக்கிறாள், நகல் உள்ளே இருக்கிறது. பார்த்துவிட்டுச் சொல்.

சக்கரபாணி

புதுச்சேரி
28.1.2026

மாமாவுக்கு,

யார் அந்தச் சினேகா?

டிராயிங்கைப் பார்த்தேன். முத்து முத்தாக அளவு எழுதியிருக்கிறாள். மூலையில் கட்டம் போட்டு, பட்டறை பெயருக்குக் கீழே 'வரைந்தது: சினேகா'. கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்கள் கேட்டுகளுக்கெல்லாம் தரையில் சாக்பீஸால் டிசைன் போட்டவள் நான். கிரிவலப் பாதையில் நீங்கள் நிறுத்திய மயில் கேட்டு, கொடி கேட்டு எல்லாம் என் கை போட்டது. ஒன்றிலாவது என் பெயரை எழுதிக்கொண்டேனா? எழுதலாம் என்று உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இவளுக்கு வந்த உடனேயே தோன்றியிருக்கிறது.

அவள் எங்கே உட்கார்ந்து வரைகிறாள்? மதியச் சாப்பாடு கொண்டு வருகிறாளா, இல்லை நம் வீட்டிலிருந்து போகிறதா? இதையெல்லாம் கேட்க எனக்கு வெட்கமாக இல்லை. பிரகாஷை நீங்கள் எண்ணிக்கொண்டு இருக்கும்போது நான் மட்டும் எதற்கு வெட்கப்பட வேண்டும்?

டிராயிங்கில் ஒரு குறை இருக்கிறது. சுக்கானைத் திருப்புகிற கைப்பிடி போதாது, இன்னும் ஒரு சாண் நீளம் வேண்டும். காற்று அடிக்கும்போது நான் படகின் ஓரத்துக்குப் போய் வெளியே சாய்ந்து உட்காருவேன், அப்போதும் அது என் கைக்கு எட்ட வேண்டும். படகில் ஏறினவளுக்குத்தான் அது தெரியும். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு எங்கே தெரியப் போகிறது.

பிரகாஷைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர் கணக்கு நன்றாகச் சொல்லிக்கொடுப்பார். போதுமா?

அருணா

அடி அண்ணாமலை
4.2.2026

அருணாவுக்கு,

பௌர்ணமிக் கூட்டத்தில் பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள், அதனால்தான் பார்சல் தாமதம். கீல், புஷ், குறுக்குக் குழாய், நீ சொன்ன நீளத்தில் கைப்பிடி எல்லாம் இருக்கிறது.

சினேகா கீழ்பென்னாத்தூர்ப் பெண். டிப்ளமோ படித்தவள். வாரத்தில் இரண்டு நாள் வந்து கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிறாள். தரையில் சாக்பீஸ் போட ஆள் இல்லாமல் போனதால்தான் அவளைக் கூப்பிட்டேன். யார் இல்லாமல் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் உன் ஸ்டூலில்தான் உட்காருகிறாள், பட்டறையில் வேறு ஸ்டூல் கிடையாது.

உங்கள் பள்ளி போட்ட போட்டோவைக் கோபி காட்டினான். தலையெல்லாம் நனைந்து, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு நிற்கிறாய். நம் கல்யாண ஆல்பத்தில் தேடிப் பார்த்தேன், அப்படி ஒரு சிரிப்பு அதில் எங்கும் இல்லை. பக்கத்தில் அந்தாள் நிற்கிறார். தொப்பையைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் அவர் கையில் இருந்த செருப்பைப் பார்த்தேன். உன் செருப்பு. திண்டிவனத்தில் நான் வாங்கிக் கொடுத்தது. அதை எதற்கு அவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்? அன்றைக்கு ராத்திரி இட்லி இறங்கவில்லை எனக்கு.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். கீலைப் பலகையில் மாட்டி ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி கழன்று வந்தது. மேலே வைத்து விட்டால் தானாக இறங்கி உட்கார்ந்தது. ஆட்டமே இல்லை. இதைவிட நல்ல கீலை நான் எந்தக் கேட்டுக்கும் போட்டதில்லை. போட்ட பிறகு, எதற்கு இவ்வளவு நன்றாகப் போட்டோம் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

சக்கரபாணி

புதுச்சேரி
10.2.2026

உங்களுக்கு,

சுக்கான் கழன்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையை விட்டு நன்றாக உள்ளே போன பிறகு, பின்னாலிருந்து ஒரு பெரிய அலை தூக்கியது. இடது சுக்கான் கீலிலிருந்து மேலே எழும்பி வெளியே வந்துவிட்டது. அது உள்ளே நுரை அடைத்த பலகை. தண்ணீரில் மிதக்கும். மிதக்கிற பொருளை எது கீழே பிடித்து வைக்கும்? குறுக்குக் குழாயில் தொங்கிக்கொண்டு அது படகை அடித்த அடியில் வலதும் கழன்றது. அப்புறம் படகு காற்று போன பக்கம் போனது. மீன்பிடிக்கப் போன அண்ணன்மார் பார்த்துக் கயிறு போட்டு இழுத்து வந்தார்கள். குழாயைப் பிடிக்கப் போனதில் என் முழங்கை கிழிந்துவிட்டது. தையல் போட்டிருக்கிறார்கள்.

நான் அனுப்பிய பழைய பின்னின் நுனியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அதில் ஒரு வளையம் மாட்டினால் கீல் மேலே எழும்பாது. நீங்கள் செய்த பின்னில் அந்த ஓட்டை இல்லை. நாலு பின்னிலும் இல்லை. ஒரு நூல் பிசகினாலும் கேட்டைத் திரும்ப அறுக்கிற ஆள் நீங்கள். சாம்பிளை நாலு பக்கமும் அளந்தேன் என்று எழுதினதும் நீங்கள்தான். அந்த ஓட்டை உங்கள் கண்ணில் படவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். சொதப்பினால் மே மாதம் வீட்டில் என்று எழுதினதும் நீங்கள்தான்.

வேண்டுமென்று செய்தீர்களா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

அருணாதேவி

அடி அண்ணாமலை
12.2.2026

அருணாவுக்கு,

இல்லை. வேண்டுமென்று செய்யவில்லை.

ஓட்டையைப் பார்த்தேன். சினேகாவும் கேட்டாள், "இந்த ஓட்டையும் வேணுமாண்ணா?"ன்னு. "அது பூட்டு மாட்டுற ஓட்டைம்மா, நமக்கு வேணாம், உட்டுடு"ன்னு நான்தான் சொன்னேன். நம் கிரிவலப் பாதையில் எந்த லாட்ஜ்காரன் பூட்டு வைத்த கீல் கேட்கிறான்? பௌர்ணமி வந்தால் கேட்டைத் தூக்கிக் கழற்றி ஓரமாகச் சாத்திவிட்டுத்தானே ஜனங்களை உள்ளே விடுகிறார்கள். சுலபமாகக் கழன்றால்தான் அது நல்ல கீல் என்று இத்தனை வருஷமாகச் செய்து செய்து என் கை பழகிவிட்டது. கேட்டை அதன் கனமே கீழே பிடித்து வைக்கும். மிதக்கிற கதவு ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பதில் இதோடு முடியவில்லை. உன் கடிதத்தில் முதல் வரியைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த வரிக்குக் கண் போகிற வரைக்கும்தான். கயிறு, முழங்கை, தையல் என்று படித்ததும் வெல்டிங்கை அப்படியே நிறுத்திவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் முதலில் வந்தது சந்தோஷம். அதைச் சொல்லாமல் இல்லை என்று மட்டும் எழுதினால் அது பாதிப் பொய்.

அந்தாள் மேல் எனக்குப் பொறாமைதான். செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன் மேல் இல்லாமல் இருக்குமா? ஆனால் அதைவிட ஜாஸ்தி பொறாமை அந்தப் படகு மேல். தேய்ந்துபோன ஒரு கீலைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறாய். நம் வீட்டைப் பற்றி நீ அப்படி ஒரு வரி எழுதியோ பேசியோ நான் கேட்டதில்லை.

தையல் எப்போது பிரிக்கிறார்கள்? ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிக்கொண்டு போனது என்று எழுத வேண்டாம். யாராக இருக்கும் என்று எனக்கே தெரியும்.

சக்கரபாணி

புதுச்சேரி
16.2.2026

மாமாவுக்கு,

நம்புகிறேன். ஏனென்றால் எனக்கும் அந்தக் கீல் சரியாகத்தான் தெரிந்தது. படகில் மாட்டும்போது பிரகாஷ் கேட்டார், "மேல வளையம் ஒண்ணு இருந்துதே மேடம், அது எங்க?"ன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்க வீட்டுக்காரர் போட்ட கீலு சார், வளையம்லாம் இல்லாமயே நிக்கும்"னேன். உங்களைப்போல நானும் கேட்டையே பார்த்துப் பழகினவள்தானே. கயிற்றில் இழுபட்டு வரும்போது கடல் எனக்குப் பயமாக இல்லை. உங்கள் கீல் அவர் கண் முன்னால் கழன்றதுதான் தாங்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் அப்படி எழுதினேன்.

செருப்பு விஷயம்: அன்றைக்கு நான் தண்ணீரில் விழுந்தேன். கரையில் அலை இழுத்துக்கொண்டு போன செருப்பை அவர் ஓடிப்போய் எடுத்தார். அவரைப் படகில் ஏற்றுவதே கனத்துக்காகத்தான். காற்று படகைச் சாய்க்கும்போது எதிர்ப்பக்கம் உட்கார ஒரு கனமான ஆள் வேண்டும். பள்ளியில் அவரைவிடக் கனமானவர் பிரின்சிபால் ஒருவர்தான். அவர் வரமாட்டார்.

நீங்கள் சந்தோஷப்பட்டேன் என்று எழுதியதைப் படித்து எனக்குக் கோபம் வரவில்லை. போன வாரம் கோபி பட்டறை போட்டோ ஒன்று அனுப்பினான். சினேகா என்னுடைய வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். ஒரு பொறி பறந்து அவள் துப்பட்டாவில் ஓட்டை விழுந்தால் தேவலை என்று நினைத்தேன். புதுத் துப்பட்டா மாதிரி இருந்தது. நான் நல்லவள் என்று இனிமேல் சொல்லிக்கொள்ள முடியாது.

வீட்டைப் பற்றி எழுதவில்லை என்றீர்கள். அந்த வீட்டில் நான் வருவதற்கு முன்னாலேயே எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. நான் எதையும் தள்ளி வைத்ததில்லை. இந்தப் படகு நான் திருப்பினால் திரும்புகிறது. இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இருபத்தேழாம் தேதி சோதனை. இன்னொரு தடவை செய்து தருவீர்களா, ஓட்டையோடு? தேறினால் நான் இரண்டு வருஷம் இங்கேதான். அதில் மாற்றம் இல்லை. தெரிந்தேதான் கேட்கிறேன்.

அருணா

அடி அண்ணாமலை
20.2.2026

அருணாவுக்கு,

செய்துவிட்டேன். நாலு பின்னிலும் ஓட்டை, நாலுக்கும் வளையம். அதோடு விடவில்லை. பட்டறை டிரம்மில் தண்ணீர் நிரப்பி, கீலில் தெர்மாகோல் பலகையை மாட்டி உள்ளே அமுக்கிவைத்து, கோபியைக் கீழேயிருந்து தள்ளச் சொன்னேன். மூச்சைப் பிடித்துத் தள்ளினான். வரவில்லை. தண்ணீரெல்லாம் சினேகா மேல் கொட்டியது. உன் மனசு குளிரட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உன் கடிதத்தில் வீட்டைப் பற்றி எழுதிய இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எதைத் தள்ளி வைக்க வேண்டும் என்று நீ கேட்டிருந்தால் நான் தள்ளி வைத்திருப்பேன் என்று எழுத ஆரம்பித்தேன். அப்புறம் யோசித்தேன். மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். அதனால் அந்த வரியை எழுதவில்லை.

ஒட்டிக்கு ரெட்டியாகச் சோதித்தாகிவிட்டது. நீ அங்கேயே இருக்கத்தான் இந்தக் கீல் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்திருக்கிறேன். என்னை நல்லவன் என்று நினைத்துக்கொள்ளாதே. செய்கிறபோது பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தேன்.

இந்தத் தடவை பஸ்ஸில் போட்டு அனுப்பமாட்டேன். புதன்கிழமை நானே கொண்டு வந்து மாட்டுகிறேன். சனிக்கிழமை வரைக்கும் இருப்பேன். மாட்டின பிறகு முதல் தடவை தண்ணீரில் இறக்கும்போது அந்தாள் உட்காருகிற இடத்தில் நான்தான் உட்காருவேன். கனம்தானே வேண்டும்? அவருக்கு நான் கம்மியில்லை. எனக்கு நீச்சல் தெரியாது என்று உனக்குத் தெரியும். சாத்தனூர் அணைக்குப் போனபோதும் கரையில் நின்று மீன் வறுவல் தின்றுவிட்டு வந்தவன் நான். பரவாயில்லை. என் கீல் கழன்றால் நான் இருக்கும்போது கழலட்டும்.

பிரகாஷ் அன்றைக்குக் கரையில்கூட நிற்க வேண்டாம்.

சக்கரபாணி

புதுச்சேரி
1.3.2026

மாமாவுக்கு,

படகு தேறியதும் இரண்டு வருஷத்துக்கு நான் கையெழுத்துப் போட்டதும் நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்ததுதான். சோதிக்க வந்தவர் கீலை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இத யார் பண்ணது?"ன்னு கேட்டார். பிரகாஷ்தான் உங்களைக் கை காட்டினார். அவர் டீ வாங்கிக்கொடுத்தபோது நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டே குடித்ததையும் பார்த்தேன்.

வியாழக்கிழமை படகில் நீங்கள் கடலைப் பார்க்கவே இல்லை. இரண்டு கையாலும் வலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் கீலையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். நான் இரண்டு தடவை சட்டென்று திருப்பினேன், உங்களைப் பயமுறுத்தத்தான். "ஆடல பாரு, ஆடவே இல்ல"ன்னீங்க. வலையைப் பிடித்த கையை மட்டும் எடுக்கவில்லை. எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, உங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. கைப்பிடியை விட முடியாது.

இப்போது எழுத வந்தது வேறு. ஒவ்வொரு தடவையும் நான் பஸ் ஏறும்போது, "எப்ப வருவே?"ன்னு கேட்பீர்கள். நானும் எரிந்து விழுவேன். பொங்கலுக்குச் சண்டை வந்ததும் அந்தக் கேள்வியில்தான். நேற்று பஸ் ஸ்டாண்டில் அதற்காகவே நின்றேன். எரிந்து விழ இல்லை. "மாசத்துக்கு ரெண்டு வாட்டி வந்துடுவேன் மாமா, ரெண்டு வருஷம் முடிஞ்சா அங்கதான்"னு சொல்ல, ஆட்டோவில் வரும்போதே மனசுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

நீங்கள் கேட்கவில்லை. மிதக்கிற சாமானைக் கீல் எப்படிப் பிடித்து வைக்கிறது என்று கண்டக்டருக்கு விளக்கிக்கொண்டிருந்தீர்கள். அவரும் உம் கொட்டிக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பிய பிறகு ஜன்னலில் எட்டிப் பார்த்து, "வளையத்த மாசம் ஒருக்கா மாத்திடு"ன்னீங்க. அவ்வளவுதான். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா எனக்கு யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் வாங்கிக்கொடுத்தார்.

அந்தக் கீல் மேல் எனக்கு எவ்வளவு பொறாமை வந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

அடுத்த தடவை கேளுங்கள் மாமா. எரிந்து விழமாட்டேன் என்று சத்தியம் பண்ணமாட்டேன். இருந்தாலும் கேளுங்கள்.

அருணா